தேய்ந்த காசா, பிழைக் காசா? நாணயங்களில் வரும் அச்சுத் தவறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

"இந்த 5 ரூபாய் காயின் உங்ககிட்ட இருக்கா? அப்போ நீங்களும் லட்சாதிபதிதான்!" இப்படி ஒரு வீடியோவோ வாட்ஸ்அப் ஃபார்வர்டோ கண்ணில் படாதவர்கள் குறைவு. பார்த்த கையோடு உண்டியலைக் கொட்டி, ஒவ்வொரு காசாகப் புரட்டிப் பார்த்தவர்களும் உண்டு. ஓரத்தில் ஒரு கோடு, இரண்டாகத் தெரியும் எழுத்து, சற்று நகர்ந்த நடுவட்டம் என ஏதாவது ஒன்று சிக்கிவிடும். உடனே அடுத்த கேள்வி: "இது மிஸ்பிரிண்ட் காயின், எவ்வளவுக்குப் போகும்?"

அச்சுப் பிழையுள்ள நாணயங்களுக்குச் சந்தை இருப்பது உண்மைதான். அவற்றை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள், வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். ஆனால் 'பிழை நாணயம்' என்று மக்கள் எடுத்துக்கொண்டு வருவதில் பெரும்பகுதி பிழை நாணயமே கிடையாது. சிலது வெளியே வந்த பிறகு அடிபட்ட காசு. சிலது அரசே அப்படித்தான் வடிவமைத்து வெளியிட்டது. இன்னும் சிலதை யாரோ பட்டறையில் உட்கார்ந்து 'செய்திருக்கிறார்கள்'. நாணய ஆலைக்குள், அச்சடிக்கும் வேலையின்போது நடந்த தவறுக்குத்தான் சேகரிப்பாளர்கள் காசு கொடுப்பார்கள். ஆகவே முதலில் காசு எப்படித் தயாராகிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காசு எப்படி உருவாகிறது?

இந்தியாவில் நாணயம் அச்சடிக்கும் அரசு ஆலைகள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. நாணயங்களை வெளியிடும் அதிகாரம் மத்திய அரசுடையது. ரிசர்வ் வங்கி அவற்றைப் புழக்கத்துக்கு விடும் வேலையைச் செய்கிறது. ரிசர்வ் வங்கிதான் காசு அடிக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய பேர், மோசடிக்காரர்களுக்கு வசதியாக இருப்பதும் அந்த நினைப்புதான். அதைப் பற்றிப் பிறகு.

ஆலையில் முதலில் நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். வீட்டில் மாவைத் தேய்த்து, டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாகப் பூரிக்கு வெட்டுவோம் இல்லையா, அதே வேலைதான். வெட்டிய வில்லைகளைச் சூடாக்கிப் பதப்படுத்தி, ஓரத்தை லேசாக அழுத்தி மேலெழுப்புவார்கள். காசின் விளிம்பு மேடாக இருப்பதற்கு இதுதான் அடிப்படை. அடுத்து அச்சு இயந்திரம். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் வில்லை. வில்லை பக்கவாட்டில் பிதுங்கிவிடாமல் சுற்றிலும் ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும், இதைக் 'காலர்' என்பார்கள். ஒரே அடி. தலையும் பூவும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். இந்த வேகத்தில் லட்சக்கணக்கில் அடிக்கும்போது ஏதாவது ஒன்று தடுமாறத்தானே செய்யும்? சோதனையில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடுவார்கள். தப்பி வெளியே வருவதுதான் பிழை நாணயம்.

வில்லையிலேயே தவறு நடந்தால்...

பூரி உதாரணத்துக்கே திரும்புவோம். ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் டம்ளர் கொஞ்சம் ஏறிவிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம் கடித்த மாதிரி பூரி வரும். தகடு சரியாக நகராதபோது ஆலையிலும் அதேதான் நடக்கிறது. பிறை வடிவத்தில் ஒரு துண்டு குறைந்த காசு வெளியே வரும். சேகரிப்பாளர்கள் இதை 'கிளிப்' என்கிறார்கள்.

ஆனால் ஓரத்தை அரம் கொண்டு ராவியும் இதே தோற்றத்தைக் கொண்டுவந்துவிடலாமே? அங்கேதான் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. உண்மையான கிளிப்பில், வெட்டு விழுந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விளிம்பு மங்கலாக, மேடு குறைந்து இருக்கும். ஓரத்தை மேலெழுப்பும் இயந்திரம் வில்லையை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் உலோகமே இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாது. இதற்கு 'பிளேக்ஸ்லி விளைவு' என்று பெயர். பட்டறையில் ராவியவருக்கு இந்த மங்கலை உருவாக்குவது பெரும்பாடு. எல்லா அசல் கிளிப்பிலும் இது பளிச்சென்று தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரிந்தால் அது பலமான சாட்சி.

வேறு மதிப்புள்ள காசுக்கான வில்லை தவறி உள்ளே போவதும் உண்டு. 1 ரூபாய் அச்சு 50 பைசா வில்லையில் விழுந்தால், படம் 1 ரூபாயாகவும் எடை 50 பைசாவாகவும் இருக்கும். இதைக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது, எடை போட வேண்டும். கிராமில் இரண்டு தசமம் காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு போதும். 10 ரூபாய் இரட்டை உலோக நாணயம் 7.71 கிராம் எடையும் 27 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. 1992-லிருந்து பல ஆண்டுகள் வந்த கனமான பழைய 5 ரூபாய் 9 கிராம். நீண்ட புழக்கத்தில் தேய்ந்து கொஞ்சம் குறையலாமே தவிர, பெரிய வித்தியாசம் வந்தால்தான் விஷயம்.

10 ரூபாயில் இன்னொரு வகைப் பிழையும் வரும். வெளி வளையமும் நடுவட்டமும் தனித்தனியாக வந்து, அச்சடிக்கும் அடியில்தான் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. நடுவட்டம் சரியாக உட்காராத நேரத்தில் அடி விழுந்தால், அது நகர்ந்து வளையத்தின் மேல் ஏறியிருக்கும். இது நல்ல பிழை. ஆனால் "நடுவட்டமே இல்லாத காயின்" என்று காட்டப்படுபவற்றில் பல, அச்சடித்த பிறகு தட்டி எடுக்கப்பட்டவை. உள் விளிம்பில் கவ்விக்கொண்டிருந்த தடம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கோடு மேடா, பள்ளமா?

இந்த ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் வீட்டிலுள்ள 'பிழைக் காசு'களில் பலவற்றை உடனே ஒதுக்கிவிடலாம்.

அச்சும் உலோகம்தான். ஆயிரம் ஆயிரமாக அடி வாங்கும்போது அதில் விரிசல் விழும். அடுத்து அடிக்கும் ஒவ்வொரு காசிலும் உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்து, காசின் மேல் ஒரு மெல்லிய *மேடான* கோடாக நிற்கும். ஆக, அச்சு விரிசல் என்றால் கோடு மேலெழும்பியிருக்க வேண்டும். ஆணி, சாவி, கல் எதுவாவது கீறியிருந்தால் கோடு *பள்ளமாக* இருக்கும். நகத்தால் தடவினாலே பல நேரம் தெரிந்துவிடும்.

அச்சின் ஓரம் ஒரு சில்லாக உடைந்து விழுந்துவிட்டால், அந்த இடத்தில் காசின் விளிம்பில் வழவழப்பான ஒரு கட்டி மாதிரி உலோகம் நிற்கும். சேகரிப்பாளர்கள் இதை 'கட்' என்பார்கள். சாதாரண விரிசலைவிட இதற்குக் கொஞ்சம் மரியாதை அதிகம். கடினமான எஃகு வில்லைகள் அச்சை வேகமாகத் தேய்ப்பதால், நம்முடைய 1 ரூபாய், 2 ரூபாய் எஃகுக் காசுகளில் சின்ன விரிசல்கள் அடிக்கடி தட்டுப்படும். அடிக்கடி தட்டுப்படுவதாலேயே அவற்றுக்குப் பெரிய விலை கிடையாது.

எழுத்தோ எண்ணோ காணாமல் போயிருந்தால், பெரும்பாலும் அச்சின் பள்ளத்தில் கிரீஸும் உலோகத் தூளும் அடைத்துக்கொண்டதுதான் காரணம். இதுவும் சாதாரணம்.

எழுத்து இரண்டாகத் தெரிந்தால்?

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இரட்டை எழுத்து இரண்டு விதமாக வரும். ஒன்று, அச்சையே தயாரிக்கும்போது படம் இரண்டு முறை, சற்று விலகிப் பதிந்துவிடுவது. அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில் இருக்கும். இரண்டு எழுத்தும் முழு உருவத்தோடு, ஒன்றின் பின்னால் ஒன்று நிற்பதுபோல் தெரியும். இன்னொன்று, அடிக்கும் நொடியில் அச்சு லேசாக ஆடிவிடுவது. அப்போது எழுத்தின் ஒரு பக்கம் மட்டும் நசுங்கி, படிக்கட்டு மாதிரி தட்டையான ஒரு தட்டு உருவாகும். எழுத்து மெலிந்து போயிருக்கும். முதல் வகை அரிது, விலை உண்டு. இரண்டாவது வகை எங்கும் கிடைக்கும், யாரும் கூடுதல் பணம் தர மாட்டார்கள்.

முதல் வகைக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு 1 சென்ட். ஆபிரகாம் லிங்கன் தலைக்கு மேலுள்ள வாசகமும் ஆண்டும் வெறும் கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். தவறு தெரிந்தபோது அந்தக் காசுகள் நல்ல காசுக் குவியலோடு கலந்துவிட்டிருந்தன. மொத்தத்தையும் அழிப்பதற்குப் பதில் வெளியே விட்டுவிட்டார்கள். இப்படிப் புழக்கத்துக்கு வந்தவை 20,000-க்கும் மேல். அவ்வளவு இருந்தும் நல்ல விலை போவதற்குக் காரணம், லென்ஸ் இல்லாமலே பிழை தெரிவதுதான்.

'லக்கி' காயின் என்றால் அதிர்ஷ்டக் காசா?

பிழைகளிலேயே பார்க்க அழகானது இது. அச்சடித்த ஒரு காசு கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். அடுத்த வில்லை உள்ளே வருகிறது. அதன் ஒரு பக்கத்தில் வழக்கமான அச்சு பதியும். மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் காசின் முகம் பதியும். விளைவாக ஒரு பக்கம் சிங்க முத்திரை என்றால், மறுபக்கமும் அதே சிங்க முத்திரை, ஆனால் பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி. ஆங்கிலத்தில் 'பிராக்கேஜ்' எனப்படும் இதை இந்தியச் சேகரிப்பாளர்கள் 'லக்கி' என்று அழைப்பது வழக்கம். ஒட்டிய காசு புதிதாக இருக்கும்போது பதிந்த முதல் சில காசுகளில் பிம்பம் தெளிவாக இருக்கும். அடி விழ விழ அது தேய்ந்து கலங்கிவிடும். தெளிவானதற்கே விலை அதிகம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ரோமானிய வெள்ளிக் காசுகளிலும் இதே பிழை இருக்கிறது என்பது சுவாரஸ்யமான செய்தி.

இதிலும் போலி உண்டு. இரண்டு காசுகளைச் சேர்த்து வைத்து வைஸில் கொடுத்து இறுக்கினால், ஒன்றின் படம் மற்றொன்றில் பள்ளமாகப் பதியும். ஆனால் அடியில் ஏற்கெனவே இருந்த பழைய படம் நசுங்கிய நிலையில் தெரியும், காசும் தட்டையாகியிருக்கும். அசல் பிழையில் கீழே பழைய படம் எதுவும் இருக்காது, ஏனென்றால் அது அப்போதுதான் முதல் அடி வாங்குகிறது.

படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் வெறும் உலோகமாக நிற்கும் காசையும் பார்த்திருக்கலாம். வில்லை சரியாக நடுவில் உட்காராததால் வருவது இது. 5 சதவீதம் விலகினால் பெரிய மதிப்பில்லை, பாதிக்குப் பாதி விலகி ஆண்டும் தெரிந்தால் நல்ல கிராக்கி. இது இயந்திரக் காசுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. ராஜராஜ சோழன் காலச் செப்புக் காசெல்லாம் கையால் சுத்தியல் கொண்டு அடித்தவை. அவற்றில் படம் ஒதுங்கியிருப்பதும் எழுத்து பாதி வெளியே போயிருப்பதும் இயல்பு. அதைப் பிழை என்று சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

தலைகீழாக அச்சடித்த காசு, இரண்டு பக்கமும் ஒரே படம்

தற்போதைய இந்திய நாணயத்தைத் தலைப்பக்கம் நேராகப் பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் இடமிருந்து வலமாகத் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்கும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால், அச்சு சுழன்று பொருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். சில டிகிரி விலகல் சகஜம். 90, 180 டிகிரி என்றால் எடுத்து வைக்கலாம். ஆனால் அமெரிக்கக் காசுகள் வழக்கமாகவே மேல்கீழாகத் திருப்பும் முறையில் அடிக்கப்படுபவை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த சென்ட்டைப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்!

இரண்டு பக்கமும் தலை இருக்கும் காசு? 'ஷோலே' படத்தில் அமிதாப் சுண்டும் காசு எல்லோருக்கும் நினைவிருக்கும். நிஜத்தில் அப்படிக் கிடைப்பவை பெரும்பாலும் வித்தைக்காரர்களின் தயாரிப்பு. ஒரு காசை உள்ளே குடைந்து, இன்னொரு காசைச் சீவி அதற்குள் பொருத்திவிடுவார்கள். விளிம்பை ஒட்டி உள்பக்கமாக லென்ஸை ஓட்டினால் மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். மேஜையில் போட்டால் சத்தமும் மொத்தையாக வரும்.

தவறான இரண்டு அச்சுகள் ஜோடி சேர்வது மட்டும் நிஜமாகவே நடந்திருக்கிறது. பிரிட்டனில் 2008-ல் 20 பென்ஸ் நாணயத்தின் வடிவம் மாறியது. அதுவரை ஆண்டு ஒரு பக்கத்தில் இருந்தது, புது வடிவத்தில் அதை மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய தலைப்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் தவறுதலாகச் சேர்ந்து ஓடியதில், ஆண்டே இல்லாத 20 பென்ஸ் புழக்கத்துக்கு வந்துவிட்டது. சில பத்து பவுண்டுகளுக்கு அது இன்றும் விற்கிறது. உலகச் செய்தியான ஒரு பிழைக்கே அவ்வளவுதான் விலை. லட்சம் லட்சமாக வாக்குறுதி தரும் வீடியோக்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் பிழையே கிடையாது

ஆண்டுக்குக் கீழே சின்ன வைரம், நட்சத்திரம், புள்ளி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. "குறி இல்லாத அபூர்வ காயின்" என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். 1980களிலும் அதற்குப் பிறகும் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வெளிநாட்டு ஆலைகளிலும் நம் காசு அடிக்கப்பட்டது. அவற்றில் 'எச்', 'சி' போன்ற எழுத்துகளோ வேறு குறிகளோ இருக்கும். சேகரிக்கத் தகுந்தவை, ஆனால் பிழை அல்ல.

10 ரூபாய் காயின் கதை தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? 10 கோடு இருந்தால் நல்லது, 15 கோடு இருந்தால் செல்லாது, ரூபாய் குறியீடு இல்லாவிட்டால் போலி என்று கிளம்பிய வதந்தியால் பல ஊர்களில் கடைக்காரர்கள் வாங்கவே மறுத்தார்கள். 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வெளியாகியிருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. ரூபாய் குறியீடே 2010-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய காசில் அது எப்படி இருக்கும்?

நினைவு நாணயங்களும் இதே கணக்குதான். 2009-ல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-ல் 5 ரூபாய் வந்தது. அதிகம் வைரலாகும் வைஷ்ணோ தேவி நாணயமும் 2012-ல் வெளியான நினைவு நாணயம்தான்.

ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, அமிலத்தில் போட்டு மெலிந்தது, தீயில் நிறம் மாறியது, முலாம் பூசியது எல்லாம் சேதமடைந்த காசு. இன்னொன்று, காசை உருக்குவதையும் அழிப்பதையும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடை செய்கிறது. 'பிழை' தயாரிக்கும் ஆசை யாருக்காவது இருந்தால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, எவ்வளவு கிடைக்கும்?

சின்ன விரிசல், லேசான விலகல் போன்றவற்றுக்கு முகமதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தெளிவான லக்கி, பெரிய விலகல், தவறான வில்லை, நகர்ந்த நடுவட்டம் ஆகியவற்றுக்குத்தான் போட்டி இருக்கும். இணையத்தில் ஒருவர் 5 லட்சம் என்று விலை போட்டிருப்பது வெறும் ஆசை. யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் போடலாம். ஏலத்தில் அதே மாதிரி காசு கடைசியாக என்ன விலைக்கு *விற்றது* என்பதே கணக்கு. நாணயக் கண்காட்சிகளுக்குப் போய், இரண்டு மூன்று விற்பனையாளர்களிடம் தனித்தனியாகக் காட்டிக் கேட்பது நல்ல வழி.

மோசடி நடக்கும் விதம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். காசின் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். பார்த்ததும் பெரிய தொகை சொல்வார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கறப்பார்கள். நம்ப வைக்க ரிசர்வ் வங்கி லோகோ போட்ட 'சான்றிதழ்' வரும். இதைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க எவருக்கும் அனுமதி தரவில்லை என்று. பொருளை வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். விற்கிற உங்களிடம் முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

உண்மையிலேயே நல்ல பிழைக் காசு கையில் சிக்கிவிட்டால், முதலில் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பல்பொடி, விபூதி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பாளர்கள் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள், இயற்கையாக ஏறிய நிறமும் மேற்பரப்பும் திரும்ப வராது. ஓரத்தைப் பிடித்து எடுத்து, நாணயத்துக்கென்று விற்கும் அட்டை உறையில் தனியாகப் போட்டு, எடையையும் கிடைத்த தேதியையும் அதிலேயே எழுதி வையுங்கள். மலிவான மெத்து பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நாளடைவில் அது காசில் பச்சையாகப் பிசுபிசுப்பை ஏற்றிவிடும்.